மேடைக்கு யாரை அழைக்கிறோம்? நரம்பறிவியல் ஆய்வாளர் வலையமைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தரங்கு நடத்துபவர்கள், லேப் தலைவர்கள், இப்போதுதான் துறைக்குள் நுழைந்திருக்கும் பிஎச்.டி. மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. யாருக்கு மேடை கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதை மாற்ற ஆய்வாளர்களின் வலையமைப்புகள் எப்படி உதவுகின்றன என்பதே பேச்சு.

வலையமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆய்வாளர்கள் தாங்களே கூடி நடத்தும் அமைப்புகளையும் பெயர்ப் பட்டியல்களையும். சில பழையவை. அமெரிக்காவின் நரம்பறிவியல் சங்கம் 1969ல் தொடங்கியது. அதன் கூட்டங்களில் பெண்களின் குரல் கேட்கவில்லை என்று 1980ல் 'விமன் இன் நியூரோசயின்ஸ்' உருவானது. சிறுபான்மை மாணவர்களுக்காகச் சங்கம் 1981ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2018ல் பெர்லினில் நடந்த ஐரோப்பிய மாநாட்டில், மூளை அறிவியலில் சமவாய்ப்புக்கான 'அல்பா' வலையமைப்பு பிறந்தது. 2020ல் கறுப்பின ஆய்வாளர்களின் 'பிளாக் இன் நியூரோ'.

இன்னொரு வகை, பெண் பேச்சாளர்களைத் தேடிப் பார்க்கும் பட்டியல்கள். ஆன் சர்ச்லேண்ட் என்ற நரம்பறிவியலாளர் தொடங்கிய 'ஆன்ஸ் லிஸ்ட்' ஒன்று. 'வின்ரெப்போ' என்ற பெண் நரம்பறிவியலாளர் களஞ்சியம் மற்றொன்று. மூன்றாவது வகை, கணக்கெடுப்பவை. எந்த மாநாட்டில் எத்தனை பெண்கள் பேசினார்கள் என்று எண்ணிப் பொதுவில் போடும் 'பயஸ்வாட்ச்நியூரோ' இந்த வகை. இந்தியாவில் 2020ல் தொடங்கிய 'பயஸ்வாட்ச் இந்தியா' எல்லா அறிவியல் துறைகளுக்கும் இதையே செய்கிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் நரம்பறிவியலாளர்.

நல்ல ஆய்வு தன்னால் பேசுமே, இதெல்லாம் எதற்கு?

ஆய்வு தன்னால் பேசுவதில்லை. அதை யார் பெயரில் கேட்கிறோம் என்பதும் கலந்துதான் காதில் விழுகிறது. ஸ்டான்ஃபோர்டில், மூளையில் நியூரான்களோடு சேர்ந்து இருக்கும் கிளியா செல்களை ஆராய்ந்த பென் பாரஸ், பெண்ணாக அறியப்பட்டு வளர்ந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஆணாக மாறியவர். மாறிய பின் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்ட பேராசிரியர் ஒருவர், "இவருடைய ஆய்வு இவர் தங்கையின் ஆய்வைவிட எவ்வளவோ மேல்" என்று சொன்னாராம். அவர் சொன்ன 'தங்கை' வேறு யாருமில்லை, பாரஸேதான். அந்தப் பழைய கட்டுரைகளும் பாரஸ் எழுதியவையே. 2006ல் நேச்சர் இதழில் அவரே இதை எழுதினார். ஒரே ஆள், ஒரே ஆய்வு, மாறியது பெயர் மட்டும். இதைவிடச் சுத்தமான பரிசோதனையை யாரும் வடிவமைத்துவிட முடியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எண்ணுவதிலிருந்து. அதையும் பேச்சாளர்களை முடிவு செய்வதற்கு முன்பே எண்ண வேண்டும். மாநாடு முடிந்தபின் எண்ணினால் வருத்தம் தெரிவிக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

முதலில் 'அடிப்படை விகிதம்' தேவை. அதாவது, நீங்கள் அழைக்கக்கூடிய ஆட்களில் பெண்கள் எத்தனை சதவீதம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிஎச்.டி. மாணவர்களின் விகிதத்தை எடுத்தால் எண் பெரிதாக வரும். மூத்த பேராசிரியர்களை மட்டும் எடுத்தால் சிறிதாகிவிடும். சிறப்புரைக்குத் தனி லேப் நடத்துபவர்களை அழைக்கிறீர்கள் என்றால், அவர்களைத்தான் எண்ண வேண்டும். உங்கள் தலைப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் கடைசி ஆசிரியர்களை வரிசையாக எழுதுங்கள். நரம்பறிவியலில் லேப் தலைவர் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நூறு பெயர் போதும், ஒரு மதிய நேர வேலை. அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச்.சின் நிதி பெற்றவர்களின் விவரம் பொதுவில் இருப்பதால் அங்கே இன்னும் சுலபம். இந்தியாவில் துறைகளின் ஆசிரியர் பக்கங்களைத் திறந்து எண்ண வேண்டியிருக்கும். பயஸ்வாட்ச் இந்தியா அப்படி எண்ணியபோது, அறிவியல் தொழில்நுட்பத் துறைகளின் ஆசிரியர்களில் பெண்கள் சுமார் 17% மட்டுமே என்று தெரிந்தது. உயிரியலில் இது கொஞ்சம் அதிகம்.

பெயரையும் படத்தையும் வைத்துப் பாலினத்தை ஊகிப்பது பிழையில்லாத வழி இல்லை. ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் இந்தக் கணக்கில் காணாமலே போவார்கள். தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன தகவல் இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

12 பேச்சாளர்களில் ஒரு பெண்கூட இல்லை. தற்செயலாக இருக்கலாம் அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படை விகிதம் 30% என்றால் ஒருவர் ஆணாக இருக்கும் வாய்ப்பு 0.7. பன்னிரண்டு பேரும் ஆணாக அமைய 0.7ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும்: 0.014. நூற்றில் ஒன்றரைக்கும் குறைவு. எதிர்பார்க்க வேண்டியது மூன்று அல்லது நான்கு பெண்கள்.

ஆனால் பேச்சாளர்கள் ஆறு பேர் மட்டும் என்றால் அதே கணக்கு 12% தரும். எட்டு அல்லது ஒன்பது அமர்வுகளில் ஒன்று தற்செயலாகவே அப்படி அமையலாம். ஆகவே ஒரு சிறிய அமர்வைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். அதே குழு ஐந்து ஆண்டுகளாக நடத்திய எல்லா அமர்வுகளையும் கூட்டிப் பாருங்கள். அறுபது பேரில் நான்கு பெண்கள் என்று வந்தால், அதற்குப் பிறகு தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"தேடினோம், ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்களே?

பேச்சாளர்களை முடிவு செய்யும் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். "இந்தத் தலைப்புக்கு யார்?" என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் பலகையில் ஏறும். நினைவுக்கு வருபவர் போன ஆண்டு எங்கோ பேசியவர், கூடப் படித்தவர், ஒரே லேப்பில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்தவர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் இருபது நிமிடத்தில் பட்டியல் நிறைந்துவிடும், கதவும் மூடிவிடும். வலையமைப்புகள் செய்ய வேண்டிய வேலை அந்த இருபது நிமிடத்துக்குள் நுழைவதுதான்.

வழி இது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு உறுப்பினரும் இடத்துக்கு மூன்று பெயராவது எழுத்தில் அனுப்ப வேண்டும். அதில் ஒன்றாவது தான் நேரில் சந்திக்காதவரின் பெயராக இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு வின்ரெப்போ போன்ற களஞ்சியத்தில் தலைப்பையும் ஆய்வுமுறையையும் நாட்டையும் கொடுத்துத் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது உண்மையிலேயே படியுங்கள். படிக்காமல் அழைத்தால் தலைப்புக்குப் பொருந்தாதவர் வந்து நிற்பார். பழி அவர் மேல் விழும். "பார்த்தீர்களா, தரம் குறைந்துவிட்டது" என்பவர்களுக்கு நாமே ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.

அழைக்கும் குழுவின் அமைப்பும் முக்கியம். நுண்ணுயிரியல் மாநாடுகளில் 460 அமர்வுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. அமைப்பாளர்களில் ஒரு பெண்ணாவது இருந்த அமர்வுகளில் பெண் பேச்சாளர்களின் விகிதம், ஆண்கள் மட்டுமே அமைத்தவற்றைவிட 72% கூடுதலாக இருந்தது.

அழைத்தாலும் பெண்கள் வர மறுப்பதாகச் சொல்கிறார்களே?

2018ல் வெளியான ஒரு ஆய்வு, அமெரிக்காவின் 50 புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் நடந்த 3,652 சொற்பொழிவுகளை எடுத்துப் பார்த்தது. தகுதிநிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் ஆண்களே அதிகம் அழைக்கப்பட்டிருந்தார்கள். அழைப்பை மறுப்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை.

ஆனால் அது ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் திரும்பும் வகைச் சொற்பொழிவு. ஒரு வாரம் வெளிநாட்டில் தங்க வேண்டிய மாநாடு வேறு. அங்கே மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அழைப்புக் கடிதத்திலேயே இருக்கும்: தாமதமாக வந்திருக்கும், செலவு யாருடையது என்று சொல்லியிருக்காது. ஒன்பது மாதம் முன்பே, இப்படி எழுதிப் பாருங்கள்:

*"வணக்கம். இடம் சார்ந்த நினைவு பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கில் நீங்கள் 25 நிமிடம் பேச வேண்டும் என்று விரும்புகிறோம். கிரிட் செல்கள் பற்றிய உங்கள் சமீபத்திய கட்டுரையைப் படித்தே அழைக்கிறோம். விமான டிக்கெட்டையும் அறையையும் நாங்களே எடுத்துத் தருகிறோம். நீங்கள் முதலில் செலவழித்துப் பின்னால் வாங்க வேண்டியதில்லை. கைக்குழந்தையுடனோ துணைக்கு ஒருவருடனோ வந்தால் அதற்கும் தனித் தொகை உண்டு. இரண்டு நாட்களில் எந்த நாள், எந்த நேரம் வசதி என்று சொல்லுங்கள். வர இயலாது என்றால் இதே தலைப்பில் பணிபுரியும் இளையவர் இருவரின் பெயரைத் தர முடியுமா?"*

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுப்பவர் தரும் இரண்டு பெயர், உங்கள் நினைவில் ஒருபோதும் வராத பெயர்களாக இருக்கும். "முதலில் செலவழித்துப் பின்னால்" என்ற வரியும் சின்ன விஷயமில்லை. உதவித்தொகையில் வாழும் ஒருவரால் ஐம்பதாயிரம் ரூபாய் டிக்கெட்டைப் போட்டுவிட்டு ஐந்து மாதம் காத்திருக்க முடியாது.

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது: "எங்களுக்கு ஒரு பெண் பேச்சாளர் தேவைப்படுகிறார்." அதைப் படித்தபின் அவர் மேடையேறினாலும் தன் ஆய்வுக்காக ஏறியதாக அவருக்கே தோன்றாது.

பட்டியல் தொடங்கினோம், ஓராண்டில் யாரும் பார்ப்பதில்லை. என்ன தவறு?

மூன்று காரணங்கள் வழக்கமானவை. ஒன்று, விவரம் பழசாகிவிடுவது. போஸ்ட்டாக் என்று பதிந்தவர் இப்போது வேறு நாட்டில் லேப் நடத்துவார், பழைய மின்னஞ்சல் திரும்பி வரும். ஆண்டுக்கு இருமுறை, "உங்கள் விவரம் சரியா?" என்ற ஒற்றைக் கேள்விக் கடிதம் எல்லோருக்கும் போக வேண்டும். இரண்டு, அகர வரிசை. மேலே இருப்பவர்களுக்கே அழைப்பு குவியும், அவர்களும் சலித்துப் போவார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வரிசை கலைந்து வரும்படி அமையுங்கள். மூன்று, "நரம்பறிவியல்" என்று ஒரே சொல்லில் துறையைப் பதிவது. யாரும் அப்படித் தேடுவதில்லை. எலியா மனிதரா, மூளையைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யா ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்பா, வலியா தூக்கமா என்ற அளவுக்கு இறங்க வேண்டும்.

அவரவர் ஒப்புதலோடுதான் பெயர் ஏற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டா?

உண்டு, அது வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. நமக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. க. மீனாட்சி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவம் குடும்பப்பெயர் கேட்கும்போது தந்தையின் பெயரான கந்தசாமியைப் போடுவார். அதன்பின் உலகம் அவரைக் 'கந்தசாமி, 2021' என்றே மேற்கோள் காட்டும். இன்னொரு இதழ் வரிசையை மாற்றிக் 'கந்தசாமி மீனாட்சி' என்று அச்சிடும். முன்னால் வரும் பெயரை வைத்துப் பாலினம் கணிக்கும் மென்பொருள் அவரை ஆண் என்று எழுதிக்கொள்ளும். 'கே. மீனாட்சி' என்றிருந்தாலோ முன்பெயர் தெரியாதவர் என்று கணக்கிலிருந்தே தள்ளிவிடும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முன்பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யு.' என்று வரும். மாநாட்டு அட்டையில் அந்த மூன்றெழுத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

முதல் கட்டுரைக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஒரே வடிவத்தை முடிவு செய்து, பாஸ்போர்ட்டிலிருந்து கட்டுரை வரை அதையே பயன்படுத்துங்கள். ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். கருத்தரங்கு நடத்துபவர்கள் பதிவுப் படிவத்தில் "அட்டையில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?" என்று தனிக் கட்டம் வைத்தால் போதும்.

மேற்கோள்களிலும் இந்தப் பாகுபாடு இருக்கிறதா?

இருக்கிறது. ஐந்து முன்னணி நரம்பறிவியல் இதழ்களில் 1995 முதல் 2018 வரை வந்த கட்டுரைகளை எடுத்து 2020ல் ஒரு குழு ஆராய்ந்தது. முதல், கடைசி ஆசிரியர்கள் இருவரும் ஆண்களாக உள்ள கட்டுரைகளுக்கு, மற்ற காரணிகளை வைத்து எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிக மேற்கோள் கிடைத்திருந்தது. இந்தச் சாய்வுக்குப் பெரும்பாலும் ஆண்கள் எழுதிய கட்டுரைகளே காரணம். துறையில் பெண்கள் பெருகிய பிறகும் சாய்வு குறையவில்லை, கூடியிருந்தது.

கட்டுரையை அனுப்புமுன் உங்கள் மேற்கோள் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்னுரையின் முதல் பத்தியில்தான் பழக்கத்தில் வரும் பெயர்கள் அதிகம் இருக்கும். அதே கருத்தை முதலில் சொன்னவர் வேறொருவர் என்பது சில சமயம் தேடினால்தான் தெரியும்.

பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். மற்றவர்கள்?

எண்ண முடிந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது, அது உண்மையான குறை. பிளாக் இன் நியூரோ அந்தக் குறைக்கு ஒரு பதில். 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத்தவர் மீது புகார் சொல்லி, அங்கிருந்த பெண் ஒருவர் போலீசை அழைத்தார். அதையொட்டிக் கறுப்பினப் பறவை ஆர்வலர்களின் வாரம் நடந்தது. நம் துறையில் ஏன் அப்படி ஒன்று இல்லை என்று கேட்டார் ஆஞ்சலின் டியூக்ஸ் என்ற பிஎச்.டி. மாணவி. சில வாரங்களிலேயே, ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 2 வரை, முதல் 'பிளாக் இன் நியூரோ' வாரம் நடந்தது. தங்கள் துறைக் கட்டடத்தில் தாங்கள் ஒருவரே என்று நினைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

ஆட்கள் மாறினால் கேள்விகளும் மாறும் என்பதற்கு, தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவியையே பாருங்கள். சுருண்டு அடர்ந்த முடியில் மின்முனை உச்சந்தலைத் தோலைத் தொடாது, சிக்னல் கெடும். பல ஆண்டுகளாக அப்படிப்பட்டவர்களின் தரவு ஒதுக்கப்பட்டது, அல்லது அவர்கள் அழைக்கப்படவே இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவி ஆர்னெல் எட்டியன் பிரச்சினையைத் திருப்பிப் பார்த்தார். மின்முனை உட்கார வேண்டிய இடங்களுக்கு நடுவே தலையோடு ஒட்டிய சன்னப் பின்னல்களைப் போட்டு, அந்தப் பின்னலின் அடியில் செருகி நிற்கும் கிளிப் ஒன்றை வடிவமைத்தார். அதன் பெயர் 'செவோ'. ஹெய்ட்டி கிரியோல் மொழியில் மூளை என்று பொருள்.

இந்தியாவில் சாதியைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் பெயரை வைத்துச் சாதியை ஊகித்துப் பட்டியல் போடாதீர்கள், அது தவறாகவும் போகும், காயமும் செய்யும். பயண உதவிக்கான விண்ணப்பத்தில், விரும்பினால் மட்டும் நிரப்பும் கட்டமாக முதல் தலைமுறைப் பட்டதாரியா, எந்தப் பிரிவு, எந்த மாநிலக் கல்லூரி என்று கேளுங்கள். தேர்வுக் குழுவின் கண்ணில் படாமல் தனியே வைத்து, யாருக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று ஆண்டு முடிவில் பாருங்கள்.

விசாவும் பணமும் இல்லாதவர்கள் எப்படி வருவது?

நியூரோமேட்ச் அகாடமி 2020ல் இணையவழியில் நடத்திய முதல் கோடைப் பள்ளியில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் நேரடியாகப் பங்கேற்றார்கள். நேர மண்டலத்தையும் மொழியையும் பார்த்துச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு துணை ஆசிரியரை நியமித்தார்கள். கட்டணம் அவரவர் நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப வைக்கப்பட்டது. அமெரிக்கத் தடைகளால் ஈரான் மாணவர்கள் சேர முடியாத நிலை வந்தபோது, அமெரிக்க அரசிடம் தனி அனுமதி வாங்கியே அவர்களைச் சேர்த்தார்கள். சட்டம் தடுக்கிறது என்று கைவிரிக்காமல் யாரிடம் அனுமதி கேட்பது என்று தேடியதுதான் இங்கே கற்க வேண்டியது.

நேரில்தான் என்றால், விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை, அவரது ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே அனுப்புங்கள். ஆறு வாரம் தாமதித்தால் நேர்காணல் தேதியே கிடைக்காமல் போகலாம்.

கருத்தரங்கு நாளன்று எதைக் கவனிப்பது?

கேள்வி நேரத்தை. பத்து நாடுகளில் சுமார் 250 சொற்பொழிவுகளைக் கவனித்த ஒரு ஆய்வில், முதல் கேள்வியை ஆண் கேட்டால் அதன்பின் பெண்கள் குறைவாகவே கேட்டார்கள். அமர்வுத் தலைவர் முதல் வாய்ப்பை ஒரு மாணவருக்கோ பெண்ணுக்கோ தரலாம். பேச்சு முடிந்ததும் ஒரு நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு பேசச் சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போனால் கூச்சம் பாதி குறையும்.

போஸ்டர் வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டராவது இருந்தால்தான் சக்கர நாற்காலி திரும்பும். சரிவுப் பாதை 12க்கு 1 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. தாய்ப்பால் எடுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள், பிளக் பாயின்ட், சிறு ஃபிரிட்ஜ் மூன்றும் வேண்டும். கழிப்பறையைக் காட்டி அதுதான் அறை என்று சொல்லாதீர்கள். பேச்சாளர்களிடம் ஒளிரும் செல் படங்களைச் சிவப்பு-பச்சையில் அல்லாமல் மெஜன்டா-பச்சையில் போடச் சொல்லுங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12க்கு ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது.

வழிகாட்டல் திட்டம் ஒன்று போதாதா?

போதாது. வழிகாட்டுபவர் உங்களிடம் பேசுகிறார். பரிந்துரைப்பவர் நீங்கள் இல்லாத அறையில் உங்களைப் பற்றிப் பேசுகிறார். பல திட்டங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. மாதம் ஒருமுறை பேச்சு, கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். ஆண்டு முடிவில் ஒவ்வொரு வழிகாட்டியிடமும் "இவருக்காக எத்தனை இடத்தில் பெயர் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள்.

இந்த வேலையெல்லாம் யார் தலையில்?

பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் தலையிலேயே விழுகிறது. துறையில் இருக்கும் ஒரே பெண்ணோ ஒரே தலித் ஆசிரியரோ எல்லாக் குழுக்களிலும் உட்கார வைக்கப்படுகிறார். அவர் கட்டுரை எழுத வேண்டிய நேரம் அதில் போகிறது, பதவி உயர்வின்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவருக்கு இப்படி ஒரு குழுவுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கற்பிக்கும் பாரத்தில் ஒரு பாடத்தைக் குறையுங்கள். பட்டியலைப் புதுப்பிப்பது, எண்ணுவது, கடிதம் அனுப்புவது ஆகியவற்றை ஆண்களும் செய்யலாம்.

ஆண் ஆய்வாளர் ஒருவர் தனியாக என்ன செய்ய முடியும்?

அழைப்பு வந்ததும் மற்ற பேச்சாளர்கள் யார் என்று கேட்கலாம். எல்லோரும் ஆண்கள் என்றால், ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு பெயர்களைச் சொல்லலாம். என்.ஐ.எச். இயக்குநராக இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ், எல்லோரும் ஆண்களாக உள்ள மேடைகளில் இனிப் பேசமாட்டேன் என்று 2019 ஜூனில் வெளிப்படையாக அறிவித்தார். அவர் சொன்னதால் பலர் கேட்டார்கள். மூத்தவர் மறுத்தால் அவருக்கு நஷ்டமில்லை. இளையவர் மறுத்தால் வாய்ப்பு போய்விடும். ஆகவே இதை மூத்தவர்கள்தான் முதலில் செய்ய வேண்டும்.

ஒரு வாரம் இருக்கும்போது பேச்சாளர் விலகிவிட்டார். இப்போது?

பெரும்பாலான கருத்தரங்குகளில் சமநிலை குலைவது இங்கேதான். அவசரத்தில் பக்கத்து லேப் நண்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதல் கூட்டத்திலேயே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்றுப் பெயரை எழுதி, அவரிடமும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால், போஸ்டர் சுருக்கங்களை எடுத்து, அந்தத் தலைப்பில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒரு போஸ்ட்டாக்கையோ பிஎச்.டி. மாணவரையோ மேடைக்கு அழையுங்கள். அவருக்கு டிக்கெட்டும் அறையும் ஏற்கெனவே இருக்கும், ஐந்து நாளில் 25 நிமிடப் பேச்சையும் தயார் செய்துவிடுவார்.